வரப்பிலிருந்து கூவிய சொல்

மாவட்டச் சிறை,
11 ஆகஸ்ட் 1997

என் தீக், என் மனைவி மூர்த்தினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு இருக்கிறது, மூச்சும் இருக்கிறது. மற்றதை நீயே ஊகித்துக்கொள்.

போலீஸ் நிலையத்திலிருந்து என்னை இங்கே மாற்றிவிட்டார்கள். சோற்றில் கல், தெம்பேயில் உப்பில்லை. உன் கை சம்பலை நினைத்துக்கொண்டே விழுங்குகிறேன். உள்ளே வரும் கடிதம், வெளியே போகும் கடிதம் எல்லாவற்றையும் ஒரு காவலர் படித்த பிறகுதான் விடுவார். நல்ல மனிதர்தான், ஆனாலும் படிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரசாங்கச் செலவில் எனக்கு ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். பெயர் ஹார்யந்தோ. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. "முதல்லேர்ந்து சொல்லுங்க அண்ணே" என்றார். சொன்னேன். அன்றைக்குத் தண்ணீர் முறை நம்முடையது. பக்கத்து வயல் சாரிஜோ பம்புசெட்டை நிறுத்தாமல் தன் வயலுக்கே பாய்ச்சிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு எஞ்சினுக்கு முன்னால் மறித்து நின்று, "முடிஞ்சா நிறுத்திப் பாருடா" என்றான். எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில் என் கையில் இருந்தது. அடித்தேன். வாய்க்காலில் விழுந்தான். சுகாதார நிலையம் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

வக்கீல் எல்லாம் எழுதிக்கொண்டு சொன்னார்: "கை என்ன பண்ணுச்சுன்னு ஊருக்கே தெரியும். அதுல வழக்கே இல்ல. அந்த நேரத்துல உங்க மனசு என்ன நெனச்சுது, அதுதான் வழக்கு. கொல்லணும்னு நெனச்சு அடிச்சா பதினஞ்சு வருஷம் வரைக்கும் போகும். கோபத்துல அடிச்சேன், செத்துப்போவான்னு நெனைக்கலன்னா ஏழுக்குள்ள முடிஞ்சிரும்."

அப்புறம், வரப்பிலிருந்து யாராவது ஏதாவது கூவினார்களா என்று கேட்டார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ பயப்படாதே. அந்தச் சொல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நாற்று எப்படி இருக்கிறது? வெனிங் பள்ளிக்கூடம் போகிறாளா? பிள்ளைகள் அவளை ஏதும் சொல்லாமல் இருக்க வேண்டும். முடிந்தால் ஒருமுறை வந்துபோ. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழமாட்டாய் என்றால் வா.

உன்
மார்கோனோ

---

சும்பெர்வாரு,
செவ்வாய், லெகி சந்தை நாள், 19 ஆகஸ்ட் 1997

என் மாஸ், வெனிங் அப்பா அவர்களுக்கு,

அலைக்கும் ஸலாம். கடிதம் வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல் வேலிக்கு மேலாக வீசிவிட்டுப் போனார். நம் வாசலில் கால் வைத்தால் அவருக்கும் ஜெயில் என்று நினைத்தாரோ என்னவோ.

நாற்றைக் கேட்காதீர்கள். மஞ்சளாகிப் படுத்துவிட்டது. நமக்கு மட்டுமில்லை, அந்த மடையில் இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தான். ஹேண்டிலைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது, இன்னொன்று வாங்கிவந்து அந்த எஞ்சினைச் சுற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை. தண்ணீருக்காகத்தான் இத்தனையும் நடந்தது. இப்போது ஒருத்தருக்கும் தண்ணீர் இல்லை.

நேற்று சாரிஜோவுக்கு நாற்பதாம் நாள் ஓதினார்கள். ஓதல் சோறு வீடு வீடாகப் போனது. தட்டு ஏந்திய பெண்கள் நம் வேலி வரைக்கும் வந்து, ஏதோ பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். வெனிங் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நமக்குக் கெடையாதாம்மா?" என்றாள். கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழமாட்டேன், கவலை வேண்டாம். அழுகிற வேலையை இங்கேயே முடித்துக்கொள்கிறேன்.

அது என்ன, "அந்தச் சொல் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்? பத்திரமாக வைக்க அது என்ன தங்கச் சங்கிலியா? நான் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தேன். நம் முறையில் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போவதைப் பார்த்தேன். "பத்தேனி மாஸ், பத்தேனி!" என்று கூவினேன். எஞ்சினை நிறுத்துங்கள் என்று. களை எடுத்த பெண்கள் அதைப் போலீஸில் சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் என்னைக் கூப்பிட்டு, "வெளக்க அணைக்கிறதும் பத்தேனி, எஞ்சின நிறுத்துறதும் பத்தேனி, பாம்பக் கொல்றதும் பத்தேனி. நீ எதச் சொன்ன?" என்றார். "எஞ்சினத்தாங்கய்யா, வேற எத?" என்றேன். எழுதிக்கொண்டார்.

இதை நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள்? உங்களுக்கு நல்லதுதானே? வக்கீலிடம் உள்ளபடியே சொல்லுங்கள்.

காரம் தூக்கலாகச் சம்பல் அரைத்து, வெல்லப்பாகில் புரட்டிய தெம்பே வறுவலோடு அனுப்புகிறேன். காவலருக்கும் கொஞ்சம் கொடுங்கள். என் கையெழுத்தைப் படிக்கிறவருக்கு அந்தக் கூலியாவது வேண்டாமா?

உங்கள்
மூர்த்தினி

---

மாவட்டச் சிறை,
28 ஆகஸ்ட் 1997

தீக்,

சம்பல் வந்தது. கொட்டடியில் எல்லாருக்கும் கண்ணீர் வந்தது. "ஒம் பொண்டாட்டி கை கைதான்யா" என்றார்கள்.

உன் கடிதத்தைப் படித்துப் படித்துச் சிரித்தேன். காவலரே கொண்டுவந்து கொடுக்கும்போது, "கெட்டிக்காரிப்பா ஒம் வீட்டுக்காரி, எழுதத் தெரிஞ்சிருக்கு" என்றார். ஆமாம், எழுதத் தெரிந்திருக்கிறது. இப்படியே எழுது. நானும் இப்படியே பிடித்துக்கொள்கிறேன். எஞ்சின் என்றால் எஞ்சின்தான்.

நீ போலீஸில் சொன்னதை வக்கீலிடம் சொன்னேன். சந்தோஷத்தில் குதித்துவிட்டார். "ஒங்களுக்கும் எஞ்சின்னுதான் கேட்டுச்சுன்னு சொல்லுங்க. நிறுத்தப் போனீங்க, அவரு மறிச்சாரு, கோபத்துல கை ஓங்கிடுச்சு. போதும்." நீதிபதி சுமத்ராக்காரர், நம் பேச்சு தெரியாது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மொழிப் பேராசிரியரைக் கூப்பிட்டு அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கப் போகிறார்களாம். பார், நம் வீட்டு அடுப்படி வார்த்தைக்குப் பேராசிரியர் வருகிறார்!

இங்கே படுக்கும்முன் யாராவது "வெளக்கப் பத்தேனி" என்று சொன்னால், இன்னொருவன், "மார்கோனோகிட்ட சொல்லாதீங்கடா, அவன் வேற மாதிரி செஞ்சு வெச்சிருவான்" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வேறு என்ன செய்வது?

உன்
மார்கோனோ

---

சும்பெர்வாரு,
வெள்ளி பொன், 5 செப்டம்பர் 1997

மாஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குச் சிரித்தீர்கள்? "இப்படியே எழுது" என்கிறீர்களே, நான் எப்படி எழுதினேன்?

நான் காவலருக்காக எழுதவில்லை. வக்கீலுக்காகவும் எழுதவில்லை. கட்டிய புருஷனுக்கு எழுதினேன். எஞ்சினைத்தான் சொன்னேன். இதைச் சொல்ல எனக்குக் கெட்டிக்காரத்தனம் எதற்கு?

அன்றைக்குச் சாரிஜோவின் மேல் எனக்கு ஆத்திரம் இல்லை என்று சொல்லமாட்டேன். முந்தின வாரமெல்லாம் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவன் பாம்பு கடித்துப் போக வேண்டும் என்றேன், கை விளங்காமல் போக வேண்டும் என்றேன். உங்களையும் சொன்னேன், "ஆம்பளையா இருந்தா போய்க் கேக்க மாட்டீங்களா" என்று. எந்த வீட்டில் பெண்கள் இப்படிப் பேசவில்லை? வாய் ஒன்று சொல்லும், மனசுக்கு அதில் பாதிகூட வேண்டியிருக்காது. உங்கள் கடிதம் வந்த பிறகு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி என் மனசைப் பொறுக்கிப் பார்த்தேன். ஏதாவது ஒரு மூலையில் அந்த எண்ணம் கிடந்ததா என்று. கோபம் முறம் முறமாக இருந்தது. அது மட்டும் இல்லை, மாஸ். சத்தியமாக இல்லை.

அவன் விழுந்ததும் நான் முதலில் ஓடிப்போய் எஞ்சினைத்தான் நிறுத்தினேன். "மனுஷன் கிடக்கிறான், இவ எஞ்சின நிறுத்துறா பாரு, எவ்வளவு நெஞ்சழுத்தம்" என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்த இரைச்சலில் அவன் முனகுவது கேட்கவில்லை, அதனால்தான் நிறுத்தினேன்.

இப்போது ஊரில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. டிவியைத் தூங்க வை என்கிறார்கள், அடுப்பைப் படுக்க வை என்கிறார்கள். கடையில் ஒரு கிழவர் பழக்கதோஷத்தில், "ரேடியோவப் பத்தேனிப்பா" என்றுவிட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாங்கிய எண்ணெயைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் காதில் என்ன விழுந்தது? அதை மட்டும் எழுதுங்கள்.

மூர்த்தினி

---

செப்டம்பர் கடைசி

தீக்,

இந்தக் கடிதத்தை யாரும் படிக்கமாட்டார்கள். விடுதலையாகிப் போகிற ஒருவர் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்து உன் கையில் கொடுப்பார். அவருக்குக் காபி கொடு, படித்ததும் அடுப்பில் போடு.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். எனக்கு நன்றாகவே கேட்டது. நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ எஞ்சினைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "பத்தேனி மாஸ்" என்றாய். இவனை முடித்துவிடு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். முடிக்கத்தான் அடித்தேன். கோபத்தில் கை ஓங்கியது என்பதெல்லாம் வக்கீல் கட்டியது. கை ஓங்கும்போது நான் கோபமாகக்கூட இல்லை. என்னவோ ஒரு நிம்மதியாக இருந்தது.

பதினோரு வருஷமாக நீ சொன்ன எதையும் நான் உருப்படியாகச் செய்ததில்லை. கூரையை மாற்றச் சொன்னாய், இரண்டு மழைக்காலம் போயிற்று. கிணற்றுக்குச் சுவர் வைக்கச் சொன்னாய், இன்னும் வைக்கவில்லை. என் தம்பியிடமிருந்து நிலத்தைப் பிரித்து வாங்கச் சொன்னாய், வாயே திறக்கவில்லை. நீ சொன்னதில் இது ஒன்றைத்தான் சொன்ன மாத்திரத்தில் செய்தேன்.

அதற்காக உன்மேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை, தீக். இதை நீ நம்பவேண்டும். நீ நினைத்தாய், நான் செய்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் உன் மனசு என்ன, என் மனசு என்ன? ஆனால் சட்டத்துக்கு அது புரியாது. தூண்டியவருக்கும் செய்தவருக்கும் ஒரே தண்டனை என்று வக்கீல் சொல்கிறார். நம் இரண்டு பேரும் உள்ளே போனால் வெனிங் தெருவில் நிற்பாள். அதனால் எஞ்சின்தான். நீயும் எஞ்சின் என்று சொல், நானும் எஞ்சின் என்று சொல்கிறேன். ஐந்தாறு வருஷத்தில் வந்துவிடுவேன். அப்புறம் சாகிற வரைக்கும் இந்தப் பேச்சே நமக்குள் வேண்டாம்.

கிணற்றுச் சுவரை வந்து வைக்கிறேன்.

உன்
மார்கோனோ

---

சும்பெர்வாரு,
ஞாயிறு பாஹிங், 19 அக்டோபர் 1997

மாஸ் அவர்களுக்கு,

அந்த மனிதருக்குக் காபி கொடுத்தேன். கடிதத்தையும் எரித்துவிட்டேன். இதைத் தபாலிலேயே போடுகிறேன். காவலர் படிக்கட்டும், நீதிபதியே படித்தாலும் படிக்கட்டும். யாருக்கும் பயந்து இதை எழுதவில்லை.

சாரிஜோவின் நூறாம் நாள் ஓதல் முடிந்தது. மறுநாள் காலையில் அவன் பெண்டாட்டி, எனக்கு அக்கா மாதிரியான யூ கீனா வந்தாள். யாரையும் அனுப்பவில்லை, அவளே வந்தாள். ஓதல் சோற்றை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "நாப்பதாம் நாளு ஒன் வீட்டத் தாண்டிப் போனது எனக்குத் தெரியாது மூர். தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். செத்தவனுக்கு ஓதுன சோறு, அதுல கூடவா பாக்கணும்?" என்றாள். எனக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "எனக்கு வருஷமெல்லாம் வேணாம் மூர். ஏழோ பதினஞ்சோ, அவரு திரும்பி வரப்போறதில்ல. ஒண்ணு மட்டும் தெரியணும். கை தவறிப் போச்சா, இல்ல வேணும்னேதான் அடிச்சானா? நாலு பக்கமும் நாலு விதமாச் சொல்றாங்க. படுத்தா அதேதான் ஓடுது. ஒனக்குத் தெரியுமா?"

நீங்கள் எழுதியது என் நெஞ்சில் கிடக்கிறது. "தெரியாது யூ" என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் கொடுத்த சோற்றை வெனிங்குக்கு மட்டும் வைத்தேன்.

மாஸ், நீங்கள் என்னை மன்னித்திருக்கிறீர்கள். எதற்கு? நான் கேட்காத ஒன்றை எனக்காகச் செய்துவிட்டு, அதற்கு என்னையே மன்னிக்கிறீர்கள். நான் சொன்னால் நீங்கள் நம்பவில்லை, என் முகத்தை நீங்கள்தான் எனக்குச் சொல்கிறீர்கள். சரி, வைத்துக்கொள்வோம், நான் அவனைத்தான் சொன்னேன் என்றே இருக்கட்டும். உங்களுக்கு என்று ஒரு மனசு இல்லையா? "சீ, என்னடி பேசற" என்று ஒரு வார்த்தை வரவில்லையே? கூரைக்கு இரண்டு வருஷம் யோசித்தவர், ஒரு மனுஷன் மண்டைக்கு யோசிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதி உங்களுடையது. அதை என் தலையில் கட்டாதீர்கள்.

வழக்கு அடுத்த மாதம். மனைவி என்பதால் நான் சாட்சி சொல்லாமல் இருக்கலாமாம், வக்கீல் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் சொல்லப் போகிறேன். என் மனசில் எஞ்சின் இருந்தது என்று சொல்வேன். உங்கள் மனசில் என்ன இருந்தது என்று கேட்டால், நீங்கள் எனக்கு எழுதியதைச் சொல்வேன். யூ கீனா அங்கே உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது தடவை அவள் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல என்னால் முடியாது.

இதைச் செய்த பிறகு நான் உங்கள் வீட்டில் இருக்கமுடியாது. வெனிங்கை அழைத்துக்கொண்டு ஸலாத்திகாவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவள் ஓட்டல் கடையில் வேலை இருக்கிறது. வெனிங்குக்கு நீங்கள் அப்பாதான், அதை யாரும் மாற்ற முடியாது, அவள் எழுதுவாள். நான் எழுதமாட்டேன். உங்கள்மேல் எனக்கு இருந்த பிரியத்துக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

மூர்த்தினி

---

மாவட்டச் சிறை,
2 டிசம்பர் 1997

தீக் மூர்த்தினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா விலாசத்துக்கு எழுதுகிறேன். கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு உனக்குத் தெரிந்திருக்கும். பதின்மூன்று வருஷம். வக்கீல் தம்பி அழுதுவிட்டார். நான்தான் தட்டிக்கொடுத்தேன்.

நீ சாட்சிக் கூண்டில் நின்று, "நான் எஞ்சினத்தான் சொன்னேன். அவரு அந்த ஆளச் சொன்னதா எடுத்துக்கிட்டாரு. கொல்லத்தான் அடிச்சேன்னு அவரே எனக்கு எழுதுனாரு" என்று சொன்னபோது உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வேன் என்று எழுதியிருந்தாய், ஆனாலும் சொல்வாய் என்று நினைக்கவில்லை. யூ கீனா முகத்தை மூடிக்கொண்டாள். நீ என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அன்று கொட்டடிக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அடடா, எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாள் என்று! இரண்டு பேரும் எஞ்சின் என்றே சொல்லியிருந்தால், பேசிவைத்துச் சொல்கிறோம் என்று அரசு வக்கீல் உன்னையும் இழுத்திருப்பார். நீயே என்னை மாட்டிவிட்ட பிறகு உன்னை யார் சந்தேகப்படுவார்கள்? காதில் என்ன விழுந்தது என்று நீ கேட்ட அந்தப் பழைய கடிதமும், எழுதமாட்டேன் என்று நீ எழுதியதும், தபாலில் போட்டதும், எல்லாம் இப்போது புரிகிறது. நம்மில் ஒருவராவது வெனிங்கோடு இருக்க வேண்டும். என்னைக் கேட்டிருந்தால் நானே அப்படிச் செய் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பேராசிரியர் பேசியதைக் கேட்டாயா? வெளியே போய்விட்டாய் போலிருக்கிறது. இரண்டு அர்த்தமும் சரிதான், பேசியவர் மனசில் எது இருந்தது என்று மொழி சொல்லாது என்றார். அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு தூரம் காரில் வந்தார்.

அதற்கப்புறம் நீதிபதி என்னை எழுப்பி நேராகவே கேட்டார். "உங்க மனைவி அந்த ஆளைச் சொல்லல, எஞ்சினச் சொன்னாங்கன்னு இப்ப ஒத்துக்கிறீங்களா?" ஒத்துக்கொள்கிறேன் என்றேன். "அப்ப அவரைக் கொல்லணும்ங்கிற எண்ணம் யாருடையது?"

வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். உன் பெயரைச் சொல்லியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். நான் சொல்லவில்லை, தீக். "என்னுடையதுதான் ஐயா, வேற யாருக்கும் அதுல பங்கில்ல" என்றேன்.

அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த மன்றத்தில் நான் சொன்ன பொய் அந்த இரண்டு பதிலும்தான்.

பதில் போடு. இப்போது வழக்கு முடிந்துவிட்டது, இனி நீ மனசில் இருப்பதை எழுதலாம்.

உன்
மார்கோனோ